ரெக்கார்டு வசதியுள்ள டிடிஎச் வாங்குவது எப்படி: முதலில் பெட்டி, பிறகு பேக்

டிடிஎச் கடைக்குள் நுழைந்ததும் முதலில் காதில் விழுவது மாதாந்தர பேக்கின் விலைதான். நிகழ்ச்சிகளை ரெக்கார்டு செய்து பார்க்க வேண்டும் என்று போகிறவர்கள் அந்தப் பேச்சைக் கடைசிக்குத் தள்ளிவிடுங்கள். பேக்கை எந்த மாதமும் மாற்றிக்கொள்ளலாம். பெட்டியும், மாடியில் மாட்டிய டிஷ்ஷும், சுவருக்குள் போன ஒயரும் அப்படியல்ல. அவற்றை மாற்றினால் மறுபடியும் முழுச் செலவு. ஒரு நிறுவனத்தின் பெட்டி இன்னொரு நிறுவனத்தின் சேவையில் வேலை செய்யாது என்பதையும் சேர்த்து யோசியுங்கள். பிடிக்கவில்லை என்று மாறினால் பழைய பெட்டி பரணுக்குத்தான் போகும்.

தமிழ்நாட்டில் காசு கட்டிப் பார்க்கும் டிடிஎச் சேவைகள் ஐந்து: சன் டைரக்ட், டாடா ப்ளே (2022 வரை டாடா ஸ்கை), ஏர்டெல் டிஜிட்டல் டிவி, டிஷ் டிவி, டி2எச். கடைசி இரண்டும் 2018 முதல் ஒரே நிறுவனத்தின் கையில் இருந்தாலும் செயற்கைக்கோளும் டிஷ் திசையும் வேறுவேறு. இவை போக, அரசு ஒளிபரப்பு நிறுவனமான பிரசார் பாரதியின் இலவச டிடி ஃப்ரீ டிஷ் இருக்கிறது.

ரெக்கார்டர் உங்களுக்குத் தேவைதானா?

தினசரி சீரியலை விட்ட இடத்திலிருந்து பார்ப்பது மட்டுமே நோக்கம் என்றால், நல்ல இணையம் உள்ள வீட்டுக்கு ரெக்கார்டர் தேவைப்படாது. சன் டிவி சீரியல்கள் சன் நெக்ஸ்ட்டிலும், விஜய் டிவி சீரியல்கள் ஜியோஹாட்ஸ்டாரிலும், ஜீ தமிழ் சீரியல்கள் ஜீ5லும் கிடைக்கின்றன. ரெக்கார்டருக்காகச் செலவழிக்கும் பணத்தில் ஆப் சந்தாவே கட்டிவிடலாம்.

ரெக்கார்டர் கைகொடுக்கும் இடங்கள் வேறு. கேடிவியில் எப்போதோ ஒரு முறை வரும் பழைய படம், தீபாவளி பொங்கல் சிறப்பு நிகழ்ச்சிகள், பட்டிமன்றம், டிடி தமிழின் இசைக் கச்சேரிகள், கோயில் கும்பாபிஷேக நேரலை, இரவு செய்தி விவாதம் போன்றவற்றில் பல, ஆப்களில் வருவதே இல்லை. வந்தாலும் தேடி எடுப்பதற்குள் பொறுமை போய்விடும். பிராட்பேண்ட் எட்டாத ஊர்களிலும் இதுதான் வழி. ஆப், பாஸ்வேர்டு, ஓடிபி எதுவும் பழகாத பெரியவர்கள் இருக்கும் வீடு என்றால், ரிமோட்டில் ஒரே பொத்தானை அழுத்தி நேற்றைய நிகழ்ச்சியைப் போட முடிவது அவர்களுக்குப் பெரிய வசதி. அந்த ஒரு காரணத்துக்காகவே ரெக்கார்டர் வாங்குவது முற்றிலும் நியாயமான செலவு.

ரெக்கார்டு வசதி என்ற ஒரே பெயரில் மூன்று பொருள்கள்

கடைக்காரர் “ரெக்கார்டிங் இருக்கு சார்” என்று சொன்னால் அவர் எதைச் சொல்கிறார் என்று கேட்டே ஆக வேண்டும்.

முதல் வகை, பெட்டிக்குள்ளேயே ஹார்டு டிஸ்க் உள்ளது. 2008ல் டாடா ஸ்கை பிளஸ் வந்தபோது அறிமுகமானது இந்த வகைதான். பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட டியூனர் (சிக்னலிலிருந்து ஒரு சேனலைப் பிடிக்கும் பகுதி) இருக்கும். ஒரு சேனலைப் பார்த்துக்கொண்டே இன்னொன்றை ரெக்கார்டு செய்யலாம்; ஓடும் நேரலையை நிறுத்தி வைத்து, சாப்பிட்டுவிட்டு வந்து தொடரலாம். விலை அதிகம். கடைகளில் இப்போது அரிதாகிவிட்டதால் கேட்டு வாங்க வேண்டியிருக்கும்.

இரண்டாவது, சாதாரண எச்டி பெட்டியின் பின்னால் உள்ள யூஎஸ்பி துளையில் பென் டிரைவோ ஹார்டு டிஸ்க்கோ செருகி ரெக்கார்டு செய்வது. இன்று “ரெக்கார்டிங் உண்டு” என்று விற்கப்படுவதில் பெரும்பகுதி இதுதான். இதில் பொதுவாக ஒரே டியூனர். ரெக்கார்டு ஓடும்போது அதே சேனலைத்தான் பார்க்க முடியும், சேனலை மாற்றினால் “ரெக்கார்டிங்கை நிறுத்தவா?” என்று திரையில் கேட்கும். வீட்டில் ஒருவர் தனியாகப் பார்ப்பவர் என்றால் இது போதும். மாலையில் இருவர் இரண்டு சேனல் கேட்கும் வீட்டில் இது தினசரி சண்டைக்கு வழி.

யூஎஸ்பி துளை இருப்பதாலேயே ரெக்கார்டு ஆகும் என்றும் நம்பிவிடாதீர்கள். சில பெட்டிகளில் அது போட்டோ, பாட்டு போட்டுப் பார்க்க மட்டும். சிலவற்றில் மென்பொருளை மாற்ற வரும் டெக்னீஷியனுக்கு மட்டும். இன்னும் சிலவற்றில் ரெக்கார்டு வசதியைத் திறக்கத் தனிக் கட்டணம் உண்டு. அது ஒரு முறை கட்டுவதா, மாதாமாதம் கட்டுவதா என்பதை வாயால் கேட்டு நிறுத்தாமல் பில்லிலோ குறுஞ்செய்தியிலோ எழுத்தாக வாங்குங்கள்.

மூன்றாவது, ஆண்ட்ராய்டு பெட்டிகளில் வரும் கேட்ச்-அப். சில சேனல்களின் கடந்த சில நாள் நிகழ்ச்சிகளை இணையம் வழியாகத் திரும்பப் பார்க்கும் ஏற்பாடு இது. உங்களிடம் எதுவும் பதிவாகாது. எந்தச் சேனல், எத்தனை நாள் என்பதை முடிவு செய்வது நிறுவனம். கெடு முடிந்ததும் போய்விடும். ரெக்கார்டு என்று இதை விற்றால் மறுத்துவிடுங்கள்.

டியூனரும் இரண்டாவது ஒயரும்

இரண்டு டியூனர் பெட்டி வாங்கியவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். பெட்டியில் இரண்டு டியூனர் இருந்தால் மட்டும் போதாது. டிஷ்ஷிலிருந்து இரண்டு தனி ஒயர்கள் வர வேண்டும்.

காரணம் இது. டிஷ்ஷின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் எல்என்பி ஒரு நேரத்தில் ஒரு ஒயரில் ஒரு வகைச் சிக்னலைத்தான் அனுப்பும். எந்த வகை வேண்டும் என்று பெட்டி அதே ஒயர் வழியாக மின்னழுத்தம் அனுப்பிச் சொல்கிறது: 13 வோல்ட் அனுப்பினால் செங்குத்து அலை, 18 வோல்ட் அனுப்பினால் கிடை அலை. ஒரு டியூனர் 13 வோல்ட்டும் மற்றொன்று 18 வோல்ட்டும் கேட்கும்போது, நடுவில் ஒயரைப் பிரித்துக் கொடுக்கும் ஸ்ப்ளிட்டர் இருந்தால் 18 வோல்ட்தான் மேலோங்கும். செங்குத்து அலையில் வரும் சேனல்கள் அந்த நேரத்தில் போய்விடும். “சில சேனல் மட்டும் ரெக்கார்டு ஆகும்போது சிக்னல் இல்லை என்கிறது” என்ற புகாரின் பின்னால் பெரும்பாலும் இந்த ஸ்ப்ளிட்டர்தான் இருக்கும்.

எனவே இரண்டு டியூனருக்கு, ஒயர் மாட்டும் முனை இரண்டு உள்ள ட்வின் எல்என்பி வேண்டும். பழைய டிஷ்ஷை அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்று டெக்னீஷியன் சொன்னால், மாடிக்கு ஏறி எல்என்பியின் அடியில் எத்தனை திருகு முனை இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். ஒன்றுதான் என்றால் எல்என்பி மாற வேண்டும். இரண்டாவது ஒயரும் புதிதாக இழுக்க வேண்டும். அந்தச் செலவு யார் தலையில் என்பதைப் பெட்டி வாங்கும்போதே பேசி முடியுங்கள். அறையில் இன்னொரு டிவிக்குத் தனிப் பெட்டி வைக்கும் எண்ணம் இருந்தால் ட்வின் போதாது. நான்கு முனை உள்ள எல்என்பி கேளுங்கள்.

ஒயர் ஆர்ஜி 6 என்ற வகையாக இருக்கட்டும். டிஷ்ஷிலிருந்து பெட்டி வரை நடுவில் ஒட்டு இல்லாத ஒரே துண்டாக வர வேண்டும். 30 மீட்டருக்கு மேல் போனால் சிக்னல் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குக் குறையும். வெளியே இருக்கும் இணைப்பு முனைக்கு முன்னால் ஒயரை ஒரு வளைவாகக் கீழே தொங்கவிடச் சொல்லுங்கள். மழைநீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும், முனைக்குள் இறங்காது. கடலோர ஊர்களில் இந்த முனைகள்தான் முதலில் துருப்பிடிக்கும். நீரொட்டாத டேப் சுற்ற ஆகும் சில ரூபாய்க்குக் கணக்குப் பார்க்காதீர்கள்.

டிஷ் எந்தப் பக்கம் பார்க்கும்

மொட்டை மாடி உங்களுடையது என்றால் இந்தப் பகுதியை வேகமாகப் படித்துவிட்டுப் போகலாம். அடுக்குமாடியில் பால்கனியில் மாட்டப் போகிறவர்களுக்கு எந்த நிறுவனம் என்பதை விலையைவிட இதுதான் தீர்மானிக்கும்.

சென்னையிலிருந்து பார்த்தால், 83 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகைக்கு மேலே இருக்கும் டாடா ப்ளே செயற்கைக்கோள் கிட்டத்தட்ட நேர் தெற்கே, தரையிலிருந்து சுமார் 74 டிகிரி உயரத்தில் இருக்கிறது. 88 டிகிரியில் உள்ள டி2எச் தெற்கிலிருந்து கொஞ்சம் கிழக்கே, உயரம் 72. சன் டைரக்ட்டும் டிடி ஃப்ரீ டிஷ்ஷும் பயன்படுத்தும் 93.5 டிகிரி தென்கிழக்கே, உயரம் 68. டிஷ் டிவியின் 95 டிகிரி அதற்கு வெகு அருகில். ஏர்டெல்லின் 108.2 டிகிரி மட்டும் தனித்து, கிழக்கு-தென்கிழக்கே, சுமார் 54 டிகிரி உயரத்தில். மதுரை, திருநெல்வேலி பக்கம் போகப் போக எல்லாமே இன்னும் கொஞ்சம் கிழக்கே திரும்பும்.

இந்த உயரக் கணக்கு ஏன் முக்கியம்? பால்கனிக்கு மேலே அடுத்த மாடியின் ஸ்லாப் இருக்கிறது. டிஷ்ஷுக்கும் ஸ்லாப்புக்கும் 2 மீட்டர் இடைவெளி என்று வைத்துக்கொள்ளுங்கள். 74 டிகிரியில் வரும் சிக்னலுக்கு, டிஷ்ஷைத் தாண்டி ஸ்லாப் அரை மீட்டருக்குக் கொஞ்சம் மேல் நீண்டாலே மறைத்துவிடும். 54 டிகிரியில் வரும் சிக்னலோ ஸ்லாப் 1.4 மீட்டர் வரை நீண்டாலும் அதன் அடியில் நுழைந்து வந்துவிடும். ஆகவே கிழக்குப் பார்த்த பால்கனி, மேலே ஸ்லாப், மாடிக்கு அனுமதி இல்லை என்ற நிலைமையில் 108.2 டிகிரிக்குத்தான், அதாவது ஏர்டெல்லுக்குத்தான், வாய்ப்பு அதிகம். தெற்குப் பார்த்த பால்கனியில் மற்றவற்றை மாட்டலாம்; ஆனால் டிஷ்ஷைக் கம்பியில் வெளியே நீட்டி மாட்ட வேண்டியிருக்கும். மேற்கும் வடக்கும் மட்டும் திறந்த வீட்டுக்குப் பால்கனி டிஷ் எதுவும் ஒத்துவராது. சங்கத்திடம் மாடியில் இடம் கேட்பதுதான் வழி.

டிஷ்ஷின் முகத்தைப் பார்த்து உயரத்தைக் கணிக்காதீர்கள். வீடுகளில் மாட்டப்படும் 60 செ.மீ. டிஷ்கள் ஆஃப்செட் வகை. உண்மையான கோணத்தைவிட 20 டிகிரிக்கு மேல் நிமிர்ந்து நிற்பதுபோல் தெரியும். முன்னால் உள்ள தென்னை மறைக்குமா என்று பார்க்க, போனில் உள்ள திசைகாட்டியை வைத்துத் திசையைப் பிடித்து, மேலே சொன்ன உயரக் கோணத்தில் பாருங்கள். இப்போது மறைக்காத தென்னையும் வேப்பமரமும் வளரும் என்பதையும் மனதில் வையுங்கள்.

எத்தனை ஜிபி வேண்டும்

கணக்கு எளிது. நொடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் வரும் படம் ஒரு மணி நேரத்துக்கு 0.45 ஜிபி எடுக்கும். சாதாரண எஸ்டி சேனல் சுமார் 2 மெகாபிட், எச்டி சேனல் 6 முதல் 8 மெகாபிட் என்று கொண்டால், எஸ்டிக்கு மணிக்கு 1 ஜிபிக்குச் சற்றுக் குறைவு, எச்டிக்கு 3 ஜிபி சுமார். மூன்று மணி நேரப் படத்தை எச்டியில் எடுத்தால் 9 ஜிபி. 32 ஜிபி பென் டிரைவில் மூன்று படம்தான் கொள்ளும்.

500 ஜிபி என்று எழுதிய உள் ஹார்டு டிஸ்க்கில் முழுதும் உங்களுக்குக் கிடைக்காது. நேரலையை நிறுத்தி வைக்கும் வசதிக்கும், நிறுவனம் தானாக இறக்கும் படங்களுக்கும் ஒரு பகுதி ஒதுக்கப்படும். எச்டியில் சுமார் 130 மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் ஏமாற்றம் இருக்காது. செய்தி விவாதத்தை எச்டியில் ரெக்கார்டு செய்வது வீண். அதே சேனலின் எஸ்டி வடிவத்தை எடுத்தால் மூன்றில் ஒரு பங்கு இடமே போதும்.

யூஎஸ்பி வகைக்கு எந்த டிரைவ் வாங்குவது என்பதில் ஒரு கண்டிப்பு தேவை. மலிவான பென் டிரைவ் வாங்காதீர்கள். அதன் எழுதும் வேகம் நடுவில் சரிந்துவிடும். ரெக்கார்டான படம் விட்டுவிட்டு ஓடும், சில நேரம் ரெக்கார்டே நின்றுவிடும். கையடக்க ஹார்டு டிஸ்க் நல்லது. ஆனால் பெட்டியின் யூஎஸ்பி 2.0 துளை 500 மில்லி ஆம்பியர்தான் கொடுக்கும். சுழலத் தொடங்கும்போது ஹார்டு டிஸ்க் அதற்கு மேல் இழுக்கும். “டிரைவ் கண்டறியப்படவில்லை” என்று வந்துவந்து போனால் டிரைவ் கெட்டது என்று நினைத்துவிடாதீர்கள், கரண்ட் போதவில்லை. தனி அடாப்டர் உள்ள யூஎஸ்பி ஹப் வழியாக இணைத்தால் சரியாகிவிடும். எத்தனை ஜிபி வரை பெட்டி ஏற்கும் என்பதற்கும் உச்ச வரம்பு இருக்கலாம். பெரிய டிரைவ் வாங்கும் முன் கையேட்டைப் பாருங்கள்.

முதல் முறை செருகும்போது பெட்டி “ஃபார்மேட் செய்யவா?” என்று கேட்கும். சரி என்றால் டிரைவில் இருந்த குடும்பப் படங்கள் எல்லாம் அழிந்துவிடும். ரெக்கார்டுக்கென்று புது டிரைவ் ஒன்றை ஒதுக்குங்கள். வேறு எதற்கும் அதைத் தொடாதீர்கள்.

ரெக்கார்டு செய்தது உங்களுடையதா?

காசு கட்டும் டிடிஎச்சில் ரெக்கார்டான கோப்பு பூட்டப்பட்டிருக்கும். பூட்டின் சாவி அந்தப் பெட்டியில் மட்டுமே இருக்கும். டிரைவைக் கழற்றி கம்ப்யூட்டரில் போட்டால் ஓடாது. பக்கத்து வீட்டின் அதே மாடல் பெட்டியில் போட்டாலும் ஓடாது. பெட்டி பழுதாகி மாற்றுப் பெட்டி வந்தால் பழைய ரெக்கார்டுகள் அனைத்தும் வீண். உள் ஹார்டு டிஸ்க் பெட்டிகளுக்கும் இதே கதிதான். ரீசார்ஜ் முடிந்து சேவை நின்றால் ஏற்கெனவே ரெக்கார்டு செய்தவற்றையும் திறக்க விடாத பெட்டிகள் உண்டு. “ரீசார்ஜ் தீர்ந்தால் பழைய ரெக்கார்டு ஓடுமா?” என்ற கேள்வியைக் கடையில் தவறாமல் கேளுங்கள்; வெளியூர் போகும்போது சந்தாவை நிறுத்தி வைப்பவர்களுக்கு இது மிக முக்கியம்.

எனவே மகள் டிவியில் பாடிய நிகழ்ச்சியையோ அப்பா கலந்துகொண்ட பட்டிமன்றத்தையோ நிரந்தரமாகக் காப்பாற்ற இந்தப் பெட்டியை நம்பாதீர்கள். சேனலிடமே பிரதி கேளுங்கள். அல்லது அந்தச் சேனலின் யூடியூப் பக்கத்தில் வருகிறதா என்று பாருங்கள்.

டிடி ஃப்ரீ டிஷ் மட்டும் வேறு. மாதக் கட்டணம் இல்லை. பூட்டில்லாத சேனல்களைச் சந்தையில் கிடைக்கும் சாதாரண எஃப்டிஏ (இலவசச் சேனல்களைப் பிடிக்கும்) பெட்டியில் எடுத்தால், பெரும்பாலும் கம்ப்யூட்டரிலும் ஓடும் கோப்பாகவே பதிவாகும். தமிழ்ச் சேனல்கள் அதில் குறைவு. சன், விஜய், ஜீ தமிழ் வேண்டியவர்களுக்கு உதவாது. டிடி தமிழின் கச்சேரிகளைச் சேர்த்து வைக்கும் இசைப் பிரியருக்கோ, இதைவிடச் சிக்கனமான ஏற்பாடு கிடையாது. இரண்டாவது டிஷ்ஷாக மாட்டிக்கொள்ளலாம்.

இப்போது சேனலும் காசும்

2019 பிப்ரவரியில், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிகள் மாறியதிலிருந்து ஒவ்வொரு சேனலுக்கும் தனி விலை அறிவிக்கப்பட வேண்டும். வேண்டியதை மட்டும் தனித்தனியாக எடுக்கலாம். உங்கள் மாதச் செலவு மூன்று துண்டு: சேனல்கள் வந்து சேர்வதற்கான கட்டணம், சேனல்களின் விலை, இரண்டுக்கும் சேர்த்து 18 சதவீதம் ஜிஎஸ்டி. முதல் துண்டுக்கு 130 ரூபாய் என்று இருந்த உச்ச வரம்பை டிராய் 2024ல் நீக்கிவிட்டது. அதனால் இப்போது அது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறலாம். விளம்பரத்தில் இருக்கும் விலையில் ஜிஎஸ்டி சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

பெரிய தமிழ்ச் சேனல்கள் எல்லா நிறுவனத்திலும் உண்டு. வித்தியாசம் இரண்டு இடத்தில் வரும். ஒன்று, சிறிய பக்திச் சேனல்கள், மாவட்டச் செய்திச் சேனல்கள். மற்றொன்று, எச்டி வடிவம். சன் டிவி எச்டி இருப்பதால் நீங்கள் பார்க்கும் மற்றச் சேனலுக்கும் எச்டி இருக்கும் என்று எண்ணாதீர்கள். வீட்டில் உண்மையில் பார்க்கும் பன்னிரண்டு சேனலைத் தாளில் எழுதி, எதற்கு எச்டி வேண்டும் என்று குறித்து, ஒவ்வொரு நிறுவனத்தின் இணையதளத்திலும் அந்தப் பட்டியலைப் போட்டு மொத்தத் தொகை பாருங்கள். ரெக்கார்டு செய்யும் சேனல்கள் சந்தாவில் இருக்க வேண்டும். சந்தா இல்லாத சேனலுக்கு டைமர் வைத்தால் கறுப்புத் திரைதான் பதிவாகும்.

கரண்ட், மழை, வெயில்

ரெக்கார்டர் வீட்டில் ஒரு பழக்கம் மாற வேண்டும். ரிமோட்டில் அணைத்தால் பெட்டி உறங்குநிலைக்குப் போகும். அந்த நிலையிலிருந்து குறித்த நேரத்தில் எழுந்து ரெக்கார்டு செய்யும். சுவர் ஸ்விட்சை அணைத்துவிட்டால் எதுவும் நடக்காது. இரவில் எல்லா ஸ்விட்சையும் அணைத்துப் படுக்கும் நல்ல பழக்கம் உள்ள வீடுகளில் இதுதான் ரெக்கார்டு தவறுவதற்கு முதல் காரணம். பெட்டிக்கான ஸ்விட்சின் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள்.

கரண்ட் போனாலும் இதே விளைவு. ஒரு நிமிடம் போய் வந்தாலும் பெட்டி மீண்டும் முழுதாக எழ சில நிமிடம் பிடிக்கும். பாதியில் நின்ற ரெக்கார்டைச் சில பெட்டிகள் தொடரும், சில தொடராது. வீட்டில் இன்வர்ட்டர் இருந்தால் பெட்டியின் பிளக்கை அந்தச் சுற்றில் போடுங்கள். இல்லையென்றால் வைஃபை ரூட்டருக்கு விற்கும் சிறிய 12 வோல்ட் யூபிஎஸ் பல பெட்டிகளுக்கும் பொருந்தும். பெட்டியின் அடாப்டரில் எழுதியுள்ள வோல்ட்டும் ஆம்பியரும் யூபிஎஸ்ஸில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா, முனையின் பிளஸ் மைனஸ் ஒன்றுதானா என்று பார்த்து வாங்குங்கள். டிவி அணைந்திருந்தாலும் ரெக்கார்டு நடக்கும். பெட்டிக்கு மட்டும் கரண்ட் இருந்தால் போதும்.

கனமழையில், டிடிஎச் சிக்னல் வரும் கேயூ அலைவரிசை தளரும். இதற்கு எந்த நிறுவனமும் விலக்கல்ல. மழை பெய்யும் அந்த நிமிடங்களுக்கு ரெக்கார்டில் ஓட்டை விழும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இது அடிக்கடி நடக்கும் ஊர்களில் 75 அல்லது 90 செ.மீ. டிஷ் போடலாம், அதே மழையை இன்னும் சிறிது நேரம் தாக்குப்பிடிக்கும். தூறலுக்கே படம் போகிறது என்றால் மழையைக் குறை சொல்லாதீர்கள். டிஷ் காற்றில் அசைந்திருக்கும், அல்லது முனையில் நீர் இறங்கியிருக்கும். இடி மின்னல் நேரத்தில் டிஷ் ஒயரைக் கழற்றுவது நல்லது. அன்றைய ரெக்கார்டு போனால் போகட்டும், பெட்டி தப்பும்.

மார்ச் நடுவிலும் செப்டம்பர் இறுதியிலும் சில நாட்கள், பகலில் சில நிமிடம் படம் மறைந்தால் பயப்பட வேண்டாம். சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வரும் நேரம் அது. தானாகச் சரியாகும்.

பொருத்தும் நாளில்

டெக்னீஷியன் கிளம்பும் முன் மெனுவில் சிக்னல் பக்கத்தைத் திறக்கச் சொல்லுங்கள். அதில் வலிமை, தரம் என இரண்டு அளவு இருக்கும். தரம்தான் முக்கியம்; வலிமை 90 காட்டித் தரம் 50 காட்டினால் டிஷ் சரியாகத் திரும்பவில்லை. வெயில் நாளில் கிடைக்கும் தரத்தைத் தேதியோடு குறித்து வையுங்கள். பின்னால் புகார் செய்யும்போது அந்த எண் பேசும்.

இரண்டு டியூனர் பெட்டி என்றால் டியூனர் 1, டியூனர் 2 இரண்டுக்கும் தனித்தனியாகச் சிக்னல் பாருங்கள். பிறகு அவர் கண்முன்னாலேயே ஒரு சேனலை ரெக்கார்டு போட்டு, வேறு பத்துச் சேனலை மாற்றிப் பாருங்கள். எதிலாவது சிக்னல் போனால் இரண்டாவது ஒயரோ எல்என்பியோ சரியில்லை. யூஎஸ்பி பெட்டி என்றால் பத்து நிமிடம் ரெக்கார்டு செய்து திரும்பப் போட்டுப் பாருங்கள்.

டைமர் வைப்பதில் இரண்டு விஷயம். நிகழ்ச்சி அட்டவணையில் உள்ள நேரத்தைச் சேனல்கள் அப்படியே கடைப்பிடிப்பதில்லை. முன்னால் 5 நிமிடமும் பின்னால் 15 நிமிடமும் கூட்டி வையுங்கள். கிரிக்கெட் நேரலை, விருது விழா என்றால் பின்னால் ஒரு மணி நேரம். ஒரே டியூனர் பெட்டியில் அடுத்தடுத்து இரண்டு டைமர் இருந்தால் இந்தக் கூடுதல் நிமிடங்கள் மோதும். பின்னதன் தொடக்கம் வெட்டுப்படும். தொடர் முழுதையும் ரெக்கார்டு செய்யச் சொன்னால், மறுநாள் காலை மறுஒளிபரப்பையும் சேர்த்து இரண்டு முறை பிடிக்கும் பெட்டிகள் உண்டு. அப்போது தொடர் வசதியை விட்டுவிட்டு, திங்கள் முதல் வெள்ளி வரை குறித்த நேரம் என்று கையால் டைமர் போடுவது மேல்.

முதல் வாரத்தில் தினமும் ஒரு ரெக்கார்டு வைத்துப் பாருங்கள். ஒரு முறையாவது பெட்டியை உறங்குநிலையில் வைத்து, ஒரு முறையாவது வேறு சேனல் பார்த்துக்கொண்டே. தவறினால் கடைக்காரரிடம் சொல்வதோடு நிறுத்தாமல் நிறுவனத்தின் வாடிக்கையாளர் எண்ணில் புகார் பதிந்து, புகார் எண்ணை வாங்கி வையுங்கள். பெட்டியின் பில்லும் உத்தரவாத அட்டையும் அந்த எண்ணும் ஒரே உறையில் இருக்கட்டும்.